நிற்கத்தான்

கொளச்சல் உப்புக்காற்று
பதினேழு வருசம் தின்றும் தீராத வண்டி.
ஃபியட், ஐம்பத்தொன்பதாம் வருசத்தது.
மார்த்தாண்டம் பாலத்துக்கடியில் என் பட்டறைக்கு
கயிறு கட்டி இழுத்து வந்த பெர்க்மான்ஸ்
சொன்னது ஒன்றுதான்:
"எக்கா, இது பறக்கணும்."

கதவைத் திறந்தேன்.
கால் வைக்கும் இடத்தில் என் பட்டறைத் தரை தெரிந்தது,
எனக்க சிமெண்டு, எனக்க ஆயில் கறை.
"பறக்கும்," என்றேன்.
"நீ கீழே கூடவே ஓடி வரணும்."

எல்லாரும் எஞ்சினில்தான் தொடங்குகிறார்கள்.
அவனும் ஒரு ஜிப்சி எஞ்சினை
வாழைக்குலை போல டெம்போவில் கிடத்தி வந்திருந்தான்.
எண்பது குதிரை.
இந்த உடம்புக்கு விதித்ததோ அதில் பாதி.
சாக்கு போட்டு மூடி மூலையில் வைத்தேன்.
வரும்போதெல்லாம் சாக்கை விலக்கிப் பார்ப்பான்,
தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பது போல.

நான் முதலில் அறுத்தது ஸ்டியரிங் தண்டை.
முன்சக்கரத்தருகிலிருந்து நெஞ்சுவரை ஒரே இரும்பு,
மடங்கத் தெரியாது.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இங்கே வண்டிகள் உருண்டும் வரும்,
கிரேனில் தொங்கியும் வரும்.
தொங்கி வருபவற்றில்
ஸ்டியரிங் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்றுதான்
என் கண் முதலில் போகும்.

முன்கதவுக்குக் கீல் பின்பக்கம்.
ஆரல்வாய்மொழி ஆடிக்காற்று
இடுக்கில் ஒரு விரல் விட்டால் போதும்,
கதவைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.
கீலை முன்னால் மாற்றினேன்.
அழகு போச்சு என்று
பெர்க்மான்ஸ் இரண்டு நாள் பேசவில்லை.
சவம், பேசாதே.

பிறகு தரை. பிறகு பெட்ரோல் டேங்குக்கும்
பின்சீட்டுக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர்.
சீட் பெல்ட் பூட்ட எலும்பு வேண்டும்,
அது இந்த வண்டிக்குக் கிடையாது.
மூன்று மில்லி பிளேட் வைத்து
சுற்றிலும் வெல்டு ஓட்டினேன்.
பெல்ட்டைச் செயின் பிளாக்கில் மாட்டி இழுத்தேன்.
ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டன.
வெல்டு ம் என்றுகூடச் சொல்லவில்லை.

முன்னால் டிஸ்க் பிரேக். குழாய் இரண்டு வழி,
ஒன்று கை விட்டால் மற்றது பிடிக்கும்.
கணக்கைக் காட்டியதும்
அவன் முகம் ரப்பர் ஷீட் மாதிரி நீண்டது.
"இவ்வளவு ரூவாயும் நிக்கவா எக்கா?"
"நிக்கத்தான்."

எஞ்சின் மாற்ற அனுமதிக் கடிதம் வர
இன்னொரு மழைக்காலம் ஆனது.
அதற்குள் சாக்கில் எலி குட்டி போட்டிருந்தது.

ஞாயிறு விடியல். தோவாளை தாண்டி
முப்பந்தல் நேர்ரோடு. அவன் ஓட்ட, நான் பக்கத்தில்.
எழுபது. எண்பது. தொண்ணூறு.
புது எஞ்சின் அடித்தொண்டையில் பாடிற்று.
காற்றாலைகள் ஒவ்வொன்றாய்க் கும்பிட்டுப் பின்னால் போயின.
பெர்க்மான்ஸ் சிரித்த சிரிப்பில்
கடைவாய்ப் பல்லின் தங்கம் தெரிந்தது.

அப்போதுதான் சாயாக்கடைக் கூரையிலிருந்து
ஒரு தகரம் எழும்பியது.
ரோட்டில் சறுக்கிற்று.
அதைத் துரத்தி, லுங்கியை ஒரு கையால் பிடித்தபடி,
எந்தப் பக்கமும் பாராமல்
ஒரு மனிதர்.

நான் கத்தவில்லை. மூச்சு இல்லை.
பெல்ட் என்னைப் பிடித்துச் சீட்டில் அறைந்தது.
வண்டி இடமும் வலமும் போகாமல்
மூக்கைத் தாழ்த்தி
நேராக, நேராகவே,
நின்றது.

அவர் முட்டிக்கும் பம்பருக்கும் நடுவே
ஒரு சைக்கிள் போகலாம்.
தகரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
காற்றை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
பிறகு எங்களைப் பார்த்து,
"நல்ல வண்டி. எந்த வருசம்?"

பெர்க்மான்ஸுக்கு வருசம் நினைவு வரவில்லை.
கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக் கிடந்தது.
திரும்பும்போது நாற்பதுக்கு மேல் போகவில்லை.
ஒரு பால்வண்டி ஹாரன் அடித்து எங்களை முந்தியது.

மறுநாள் என் தோளில்
பெல்ட் அகலத்துக்கு ஒரு நீலக்கோடு.
அதை பில்லில் சேர்க்கவில்லை.